ஒழிக்க முடியாத பெரியம்மை

எங்கள் பக்கத்தில், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல், நெய்யூர், திங்கள்நகர் வட்டாரத்தில், அம்மாவின் அக்காவைப் பெரியம்மை என்றுதான் கூப்பிடுவோம். வெளியூர்க்காரர்களுக்கு அதைக் கேட்டால் வேறு ஞாபகம் வரும். மதுரையில் படித்தபோது ஒருநாள், "பெரியம்மை வந்திருக்கு, ஊருக்குப் போகணும்" என்று ஹாஸ்டல் வார்டனிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதைத்தான் ஒழிச்சிட்டாங்களேப்பா" என்றார். ஊருக்கு வந்து இதைச் சொன்னேன். பெரியம்மை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கருப்பட்டிக் காப்பி சேலையில் கொட்டியது. அதற்குப் பிறகு தொற்றுநோய்ப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்துக்கொண்டாராம். "இந்தியாவுல கடைசி பெரியம்மை கேஸ் 1975 மே மாசம். 1980ல உலகத்திலேயே இல்லேன்னு டபிள்யூ.எச்.ஓ. சொல்லியாச்சு. ஆனா எங்க வீட்டுல பதினோரு பிள்ளைகளுக்கு இன்னும் பெரியம்மை உண்டு. அது நானாக்கும்."

அந்தப் பெரியம்மை போய், வருகிற ஆடியோடு ஒரு வருடம். வயது 79. நர்சிங் பேராசிரியர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகள் ஐந்து பேரைப் படிக்கவைத்துக் கரையேற்றினார். குடும்பத்தில் யார் நிலம் வாங்கினாலும், யார் சண்டை போட்டாலும், யார் பிரசவத்துக்கு வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். இப்படி எழுதிக்கொண்டே போனால் இரங்கல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அவர் நல்ல எரிச்சல் பிடித்த மனுஷி, அதையும் சேர்த்தால்தான் ஆள் சரியாக வருவார்.

கட்டிப்பிடிக்கிறது, முத்தம் கொடுக்கிறது எல்லாம் அவருக்கு வராது. வீட்டுக்குள் காலை வைத்ததும் "உனக்க கையைக் காட்டு" என்பார். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, தன் இடது கையில் கட்டியிருக்கிற பழைய எச்எம்டி வாட்ச்சின் செகண்ட் முள்ளைப் பார்த்தபடி நிற்பார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற சோலியே கிடையாது, முழுசாக 60 வினாடி. அதுவரை தோளில் பையோடு நடையில் நிற்க வேண்டும். அப்புறம், "எண்பத்தி ரெண்டு. பஸ்ஸுக்கு ஓடியிருக்கே. போயி மூஞ்சி கழுவு, கஞ்சியும் பயறும் இருக்கு." வரவேற்பு முடிந்தது. யாராவது கட்டைவிரலால் நாடி பார்த்தால் கையைத் தட்டிவிடுவார். கட்டைவிரலுக்கென்று ஒரு துடிப்பு உண்டு, அடுத்தவனுடையதை எண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம்முடையதையே எண்ணிக்கொண்டிருப்போம் என்பார்.

1945ல் பிறந்தவர். அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர். அவர் போன பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களெல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு தமிழில் படித்து, ஆங்கிலத்தில் பாடம் நடத்தி என்று எல்லாம் நடந்தாலும் மனதுக்குள் எண்ணுவது மட்டும் கடைசி வரை மலையாளத்தில்தான். நாடி பார்க்கும்போது உதட்டைக் கவனித்தால் தெரியும்.

பாட்டா பனையேறி. பாட்டி அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சி சிரட்டையில் கருப்பட்டி ஊற்றுவார். ஒரு தடவை பாட்டா பனையிலிருந்து விழுந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். நெய்யூரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1838ல் லண்டன் மிஷன்காரர்கள் மருத்துவ வேலையைத் தொடங்கிய இடம் அது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்த சாமர்வெல் டாக்டர் இங்கேதான் வருஷக்கணக்காக வயிறு அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்களுக்கு எவரெஸ்ட் ஒரு பொருட்டில்லை, "சாமர்வெல் சாயிப்பு கை வச்சா பிழைச்சுக்கிடும்" என்பதுதான் பேச்சு. ஆனால் பள்ளிக்கூடம் விட்டுச் சோற்றுவாளியோடு போய் நிற்கிற பெரியம்மையின் கண்ணில் பட்டது டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ். பெட்பேன் வைப்பதற்கு முன்னால் அதில் வெந்நீர் ஊற்றிக் கொட்டி, துடைத்து, புறங்கையில் சூடு பார்த்துவிட்டு வைத்தாராம். "ஒரு பனையேறிக்க குண்டி குளிரக்கூடாதுன்னு ஒருத்தி நினைச்சாளே, நான் அதுக்காகத்தான் போனேன்" என்பார். பேராசிரியரான பிறகு மேடையில் கேட்டாலும் இதே பதில்தான், குண்டி என்ற சொல்லைக்கூட மாற்றமாட்டார்.

விஷயம் தெரிந்ததும் பாட்டியின் அண்ணன் வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பீ அள்ளுக சோலிக்கு வேலூர் வரைக்கும் போகணுமா, இஞ்சயே அள்ளட்டுமே" என்றாராம். பெரியம்மை போனார். இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு முதன்முதலில் 1946ல் இரண்டு இடத்தில்தான் தொடங்கியது, ஒன்று தில்லி, இன்னொன்று வேலூர் சி.எம்.சி. பெரியம்மை கிளம்பிய 1963ல் நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது, அது 1979ல்தான் வந்தது. பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயிலில் விழுப்புரம், விழுப்புரத்தில் வண்டி மாறி வேலூர். ஒரு தகரப் பெட்டி, ஒரு கடவம் நிறையக் கருப்பட்டி. கருப்பட்டி மூன்றாம் நாளே காலியாம், ஹாஸ்டலில் எல்லோரும் நக்கித் தீர்த்துவிட்டார்கள். அப்புறம் அங்கேயே வேலை, தில்லியில் ராஜ்குமாரி அம்ருத் கௌர் கல்லூரியில் எம்.எஸ்சி., அதற்குப் பிறகு வாத்தியார் வேலை. மாதம் பிறந்தால் வீட்டுக்கு மணியார்டர் வந்துவிடும். எங்கள் அம்மாவின் டீச்சர் ட்ரெயினிங், மாமாவின் பாலிடெக்னிக், சித்திமார் இரண்டு பேரின் கல்யாணம், எல்லாம் அந்த மணியார்டர்தான்.

1999ல் அதே பாட்டியின் அண்ணன், தொண்ணூறு வயதில், பேத்திக்கு நர்சிங் சீட் கேட்டு அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மை அவருக்குக் காப்பி கொடுத்து, முதலில் நாடி பார்த்து, பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "அள்ளுவியா பிள்ளே?" என்று மட்டும் கேட்டார். கிழவர் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் குடித்தார். எங்களுக்கெல்லாம் உள்ளே ஒரே சிரிப்பு.

அவர் பாடம் நடத்துகிற விதத்தை அவருடைய மாணவிகள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். படுக்கைப் புண் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமென்றால் முதல் நாள் புத்தகத்தையே திறக்கமாட்டாராம். முதல் வருடப் பிள்ளைகளைப் பயிற்சி அறைக் கட்டில்களில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார். ஒரு மணி நேரம் அசையக்கூடாது. மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது, கொசு கடித்தாலும் அப்படியே கிடக்க வேண்டும். மணி ஆனதும், "எங்கே வலிக்கு, சொல்லு." குதிங்கால், இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டுகிற இடம், தோள்பட்டை, பின்மண்டை என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்லப் போர்டில் எழுதிக்கொண்டே வருவார். எழுதி முடித்தால் அதுதான் புத்தகத்தில் இருக்கிற பட்டியல். "நீ ஒரு மணி நேரம் கிடந்தே. உனக்க வார்டுல இருக்கவன் ஒரு மாசம் கிடக்கான். ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்க திருப்பிப் போடு." இருபது வருடம் கழித்தும் அந்த மாணவிகளுக்குப் பின்மண்டை வலி மறக்கவில்லை.

மே 12, நைட்டிங்கேல் பிறந்தநாளில் எல்லாக் கல்லூரியிலும் விளக்கேற்றுவார்கள். அவருக்கு அந்த விளக்கின் மேல் ஒரு கடுப்பு. "அந்த அம்மா விளக்கு மட்டுமா பிடிச்சா? கணக்கு போட்டா. போர்ல குண்டு பட்டுச் செத்தவனை விட ஆஸ்பத்திரி அழுக்குல நோய் வந்து செத்தவன் அதிகம்னு 1858ல படம் போட்டுக் காட்டினா. விளக்கைப் பிடிச்சு போட்டோ எடுத்தது போதும், சார்ட்டை எழுதுங்கோ" என்பார். சிறப்பு விருந்தினர்கள் நெளிவார்கள்.

வீடும் வார்டு மாதிரிதான் நடந்தது. கோடை லீவுக்கு நாங்கள் பதினோரு பேரும் வந்து சேர்ந்தால் காலை ஆறு மணிக்கு ஒரு ரிப்போர்ட் உண்டு. யாருக்கு வயிறு சரியில்லை, யார் ராத்திரி இருமினார்கள், யார் பல் தேய்க்கவில்லை. சாப்பிடும் முன் கையைக் கழுவினால் மட்டும் போதாது, மோந்து பார்ப்பார். அப்புறம் படுக்கை. கால்மாட்டில் விரிப்பை இழுத்து மெத்தைக்கு அடியில் சொருகி, பக்கவாட்டில் தொங்குவதை ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடித்து முக்கோணமாக மெத்தை மேல் தூக்கிப் போட்டு, அடியில் தொங்குகிற துண்டைச் சொருகிவிட்டு, மேலே போட்டதை இறக்கி மறுபடி சொருக வேண்டும். நான்கு மூலைக்கும். முடித்ததும் புறங்கையை விரிப்பின் மேல் தலையிலிருந்து கால் வரை ஓட்டுவார். ஒரு சுருக்கம் தட்டினால் போச்சு, மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடுவார். பத்துக்கு மார்க் உண்டு. ஏழுக்கு மேல் யாரும் வாங்கியதாக வரலாறு இல்லை. எனக்கு எப்போதும் ஆறுதான். அந்த மூலைக்கும் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கிடைப்பதற்கும் சம்பந்தம் இருந்ததால் நாங்கள் பழகிக்கொண்டோம்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். என் அக்காவுக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. பெரியம்மை கேட்கவேயில்லை, நர்சிங் பாரத்தை அவரே நிரப்பிக் கொடுத்துவிட்டார். முதல் மாதம் அக்கா ராத்திரி எல்லாம் அழுதாள். இப்போது இங்கிலாந்தில் வார்டு சிஸ்டர். அவள் பெரியம்மையை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, ஆனால் கடைசி வரை மாதாமாதம் பெரியம்மைக்குப் பணமும் அனுப்பினாள். எனக்கும் பிளஸ் டூ முடிந்ததும் ஒரு பாரம் வந்தது. "ஆம்பிளப் பய நர்சிங் படிச்சா எவன் பொண்ணு தருவான்" என்று கத்திவிட்டுப் பாரத்தைக் கிழித்தேன். அவர் திட்டவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்கு நாடி பார்க்கவில்லை. நான் போவேன், கையை நீட்டுவேன், அவர் அடுக்களைக்குள் போய்விடுவார்.

2003ல் ரிட்டையர் ஆனார். அடுத்த வருடம் டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல் பக்கம் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போனார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மணக்குடியில் பாலத்தையே அடித்துக்கொண்டு போய்விட்டது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. பெரியம்மை முதலில் செய்த காரியம் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய மாணவிகளுக்குப் போன் போட்டது. மதியத்துக்குள் ஒன்பது பேர். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் இருந்து தப்பி வந்தவர்கள் இருந்த முகாம் ஒன்றுக்கு நானும் அவரோடு போனேன், பை தூக்க.

எல்லோரும் துணியும் ரொட்டியும் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மை 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக உட்கார்ந்து, "தினம் என்ன மாத்திரை போடுவீங்க?" என்று கேட்டார். யாருக்கும் பெயர் தெரியாது. வீடு போனபோது மாத்திரையும் போய்விட்டது, சீட்டும் போய்விட்டது. "என்ன நிறம்? சின்னதா பெருசா? எப்ப போடுவீங்க, காலையிலயா ராத்திரியா? எதுக்குன்னு டாக்டர் சொன்னாரு?" இப்படிக் கேட்டுக் கேட்டுச் சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள், வலிப்புக்காரர்கள் என்று பிரித்து எழுதி டாக்டர்களிடம் கொடுத்தார். வலிப்பு மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் அளந்து போட ஒரு பையனை நியமித்தார். கக்கூஸ் பக்கம் சோப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்னொருவன். அது நான்.

ஒரு விஷயம் அப்போது எனக்குத் தெரியாது, வருடங்கள் கழித்து அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். மூலையில் ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தாளாம். காய்ச்சல் என்று யாரோ மாத்திரை கொடுத்திருந்தார்கள். பெரியம்மை போய் நாடி பார்க்கக் குனிந்தபோது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கைக்குழந்தை போய்விட்டது. பால் கட்டிக் கல்லாகிவிட்டது. சுற்றிலும் அத்தனை பேர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சேலையை மறைப்பாகக் கட்டி, வலி குறைகிற அளவுக்கு மட்டும் பாலைப் பீய்ச்சி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து வைத்து, இரண்டு நாள் அப்படிச் செய்தாராம். "எடுத்த பால எங்க கொட்டுகதுன்னு எனக்குத் தெரியலடி. வாளியில கொட்ட மனசு வரல. வெளிய போயி ஒரு தென்னைக்க மூட்டுல ஊத்தினேன்" என்றார். அவர் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் நர்சிங் கல்லூரிகள் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி முளைத்ததும், வீட்டுக்கு ஒரு பிள்ளை வளைகுடா, இங்கிலாந்து என்று பறந்ததும் உங்களுக்கே தெரியும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் ஒரிஜினல் சான்றிதழைத் தரமாட்டோம் என்று ஒரு கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டபோது பெரியம்மை தனியாகப் போய் அந்த ஆபீஸ் நாற்காலியில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசாமல். வாங்கிக்கொண்டுதான் வந்தார். 2020ல் கொரோனா வந்து, போனை எடுத்தாலே கை கழுவச் சொன்ன காலத்தில் அவருக்கு ஒரே குஷி. அதே வருடம் நைட்டிங்கேலுக்கு 200, உலக சுகாதார நிறுவனமும் அதை நர்ஸ்களின் ஆண்டு என்று அறிவித்திருந்தது. "அம்பது வருஷமா நான் சொல்லியேன், ஒருத்தன் கேக்கல. இப்ப போன் சொல்லுகு, கேக்கான்."

ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நடந்தது, எழுந்து நடப்பது நடக்கவில்லை. ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்று மூன்று பேரைக் கூட்டிவந்தோம். முதல் ஆள் கை நிறைய வளையல் போட்டிருந்தாள், கழுவாமல் தொட்டாள், ஃபெயில். இரண்டாவது ஆள் நாடி பார்க்கும்போது செல்போனைப் பார்த்தாள், ஃபெயில். மூன்றாவது ஆள் "பாட்டி மம்மம் சாப்பிட்டாச்சா" என்று குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டாள். அவளுக்கு அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பும்படி ஆனது. என்னுடையது கம்ப்யூட்டர் வேலை, எங்கிருந்தும் பார்க்கலாம். பதினோரு பேரில் எனக்குத்தான் அது தோதாக இருந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

முதல் நாள் அவரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தபோது நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டேன். "மூஞ்சைத் திருப்பாதே" என்றார். "நீ வெக்கப்பட்டா எனக்கும் வெக்கம் வரும். சாதாரணமா பேசிட்டே செய்யி. கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு." கரண்ட் பில் கட்டியாச்சா என்று நான்தான் கேட்டேன், கட்டவேண்டியவனும் நான்தான். ஒன்பது மாதமும் அந்த நேரத்துக்கென்று எங்களுக்குச் சில பேச்சுகள் இருந்தன. மட்டிப்பழம் என்ன விலை, கிணற்றில் எத்தனை உறை தண்ணீர், அக்கா எப்போது வருகிறாள். இரண்டாவது நாள் பெட்பேனில் வெந்நீர் ஊற்றிக் கொட்டித் துடைத்து, புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். இடது, மல்லாக்க, வலது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும். அலாரம் அடித்து நான் எழுவதற்குள் அவர் விழித்திருப்பார், "பைய, பைய, முதல்ல கால்முட்டை மடக்கு" என்று சொல்லித் தருவார். விரிப்பு மாற்றினால் புறங்கையை ஓட்டிப் பார்த்து மார்க் சொல்வார். கடைசி மாதம் பேச்சு குறைந்தபோது விரலைக் காட்டுவார், ஒரு கை முழுசாக, அடுத்த கையில் ஒரு விரல். ஒன்பது மாதத்தில் உடம்பில் ஒரு புண் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, "யாரு நர்ஸ்?" என்று கேட்டார்.

சாரல் விடாத ஒரு விடியற்காலையில் போனார். ஐஸ் பெட்டி வர நேரமாகும் என்றார்கள். நடுக்கூடத்தில் அவருடைய கட்டிலையே போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, நாலு மூலையும் நானே சொருகிப் படுக்கவைத்தோம். பத்து மணிக்கு மேல் பழைய மாணவிகள் வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் அறுபதைத் தொட்ட வயது, நரைத்த தலை, ஒருத்தி கம்பு ஊன்றி வந்தார். போதகர் ஐயா பைபிளைத் திறந்து ஜெபத்துக்கு எழுந்து நின்றார். அவர்களில் ஒருவர், "ஒரு நிமிஷம் ஐயா" என்றார். குனிந்து, கால்மாட்டில் இடப்பக்க மூலையைப் பிரித்தார். எதிர்ப்பக்கம் நின்றவர் ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்தைப் பிரித்தார். இழுத்து, முக்கோணம் போட்டு, சொருகி, இறக்கி, மறுபடி சொருகினார்கள். கம்பு ஊன்றி வந்தவர் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் புறங்கையை விரிப்பின் மேல் ஓட்டிப் பார்த்தார். போதகர் ஐயா காத்துக்கொண்டிருந்தார்.

"இத விரிச்சது யாரு?" என்று கம்பு ஊன்றி வந்தவர் கேட்டார்.

நான்தான் என்றேன்.

"மேடம் உங்களுக்கு எத்தனை போடுவாங்க?"

"ஆறு."

"எனக்கு அஞ்சுதான்" என்று சொல்லிவிட்டுக் கம்பை வாங்கிக்கொண்டார்.